ஒரு சுற்றைப் படிப்பது எப்படி: தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு ஒரு வாசல்

2024 மே 18ஆம் தேதி இரவு ரியாத்தில் அலெக்சாண்டர் உசிக்கும் டைசன் ஃபியூரியும் மோதினார்கள். சிங்கப்பூரில் அப்போது ஞாயிற்றுக்கிழமை பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு சுற்றும் முடிந்தபின் தீர்ப்பாளர்கள் மூவரின் அட்டைகள் வாசிக்கப்பட்டன. ஒருவர் 115-112 என்று உசிக்குக்குக் கொடுத்திருந்தார். இன்னொருவர் 114-113 என்று ஃபியூரிக்கு. மூன்றாமவர் அதே 114-113ஐ உசிக்குக்கு. மூவரில் இருவர் உசிக் பக்கம் என்பதால் வெற்றி அவருக்கு. 1999இல் லெனாக்ஸ் லூயிஸ் ஆனதற்குப் பிறகு, ஹெவிவெயிட் பிரிவில் போட்டியில்லாத ஒரே சாம்பியன் என்ற பெயர் அன்றுதான் ஒருவருக்குக் கிடைத்தது.

புதிதாகப் பார்க்க வருபவருக்கு இதில் தலையும் புரியாது, காலும் புரியாது. ஒரே சண்டைக்கு மூன்று கணக்கா? கால்பந்தைப் போல கோல் எண்ணிக்கை இல்லாத ஆட்டத்தில் 115 எங்கிருந்து வந்தது? சாம்பியன் என்றால் ஒருவர்தானே, அதென்ன ‘போட்டியில்லாத’ சாம்பியன்? பெல்ட்டுகள் (அதாவது சாம்பியன் பட்டங்கள்), பணம், அரசியல் எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம். மூன்று நிமிடச் சுற்று ஒன்றைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால் மற்றவை தாமாகவே விளங்கும்.

பத்துப் புள்ளிக் கணக்கு

உலகப் பட்டத்துக்கான ஆண்கள் சண்டை 12 சுற்று. சுற்றுக்கு 3 நிமிடம், இடையில் 1 நிமிடம் ஓய்வு. பெண்களுக்குப் பெரும்பாலும் 10 சுற்று, சுற்றுக்கு 2 நிமிடம். ஒவ்வொரு சுற்றும் தனித்தனிப் பரீட்சை. சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஒருமுறை கீழே விழுந்தால் 8, இருமுறை விழுந்தால் 7. முந்தைய சுற்றில் எவ்வளவு அடி வாங்கினார் என்பது இந்தச் சுற்றின் கணக்கில் வராது.

இப்போது அந்த ரியாத் சண்டையின் எண்களை எடுத்துக்கொள்வோம். ஒன்பதாவது சுற்றில் உசிக்கின் இடது கை ஃபியூரியின் முகத்தில் திரும்பத் திரும்ப விழ, அவர் கயிற்றுக்குக் கயிறு தள்ளாடினார். தரையில் விழவில்லை, கயிறுதான் தாங்கிப் பிடித்தது. மேடையில் நின்று சண்டையை நடத்தும் நடுவர் குறுக்கே புகுந்து, கீழே விழுந்தவருக்கு எண்ணுவதுபோல எண்ணத் தொடங்கினார். கயிறு இல்லாவிட்டால் விழுந்திருப்பார் என்று நடுவர் கருதினால் அதுவும் வீழ்ச்சிதான். ஆகவே அந்தச் சுற்று 10-8.

114-113 என்று உசிக்குக்குக் கொடுத்த தீர்ப்பாளர், இருவருக்கும் ஆறாறு சுற்று கொடுத்திருந்தார். ஆறு சுற்று தோற்றால் 120இலிருந்து 6 கழியும், 114. ஃபியூரிக்கு அந்த எண்ணிக்கையால் இன்னொரு புள்ளி கழிந்து 113. நடுவர் எண்ணாமல் விட்டிருந்தால் இந்த அட்டை 114-114 என்று சமமாகியிருக்கும். மற்ற இரண்டும் 115-113 என்று ஆளுக்கொரு பக்கம் நின்றிருக்கும். அதாவது முழுச் சண்டையும் டிரா. இருபத்தைந்து ஆண்டு காத்திருப்பு, நடுவர் ஒருவர் கை உயர்த்தி எண்ணிய சில விநாடிகளில் முடிந்தது. காகிதத்தில் நீங்களே கழித்துப் பாருங்கள். குத்துச்சண்டைக் கணக்கை இதைவிடச் சுருக்கமாகக் கற்க வழியில்லை.

தீர்ப்பின் பெயர்களும் இதிலிருந்தே வருகின்றன. மூவரும் ஒரே பக்கம் என்றால் ஏகமனதான தீர்ப்பு. இருவர் ஒரு பக்கம், ஒருவர் எதிர்ப்பக்கம் என்றால் பிளவுத் தீர்ப்பு. இருவர் ஒரு பக்கம், மூன்றாமவர் சமம் என்றால் பெரும்பான்மைத் தீர்ப்பு. இருவர் சமம் என்று எழுதிவிட்டால், மூன்றாமவர் என்ன எழுதியிருந்தாலும் டிராதான். 2025 ஜூலையில் 46 வயது பிலிப்பீன்ஸ் வீரர் மேனி பக்கியாவ் லாஸ் வேகாஸில் சாம்பியன் மாரியோ பாரியோசை எதிர்த்து ஆடியது அப்படித்தான் முடிந்தது: 114-114, 114-114, 115-113. டிரா என்றால் பட்டம் சாம்பியனிடமே தங்கும். பக்கியாவ் வெறுங்கையோடு திரும்பினார்.

ஒரு சுற்றை வென்றது யார்?

தீர்ப்பாளர்கள் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: சுத்தமாகப் பதிந்த குத்து, பலன் தந்த முன்னேற்றம், மேடையைத் தன் வசம் வைத்திருத்தல், தற்காப்பு. நான்கையும் சம எடையில் போட்டுக் குழம்ப வேண்டாம். முதலாவதுதான் அரிசி, மற்றவை கறி. சுத்தமான குத்து என்றால், கையுறையின் முட்டிப் பகுதி எதிராளியின் தலையிலோ இடுப்புக்கு மேலே உடலின் முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ தடையின்றிப் பதிவது. எதிராளியின் கையுறையில், முழங்கையில், தோளில் பட்டதற்கு மதிப்பில்லை.

பழகாத கண் ஏமாறுவது இங்கேதான். ஒருவர் முன்னேறிக்கொண்டே வருகிறார், சரமாரியாக வீசுகிறார், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. பத்துக் குத்தில் எட்டு எதிராளியின் கையுறையில் முட்டி நிற்கின்றன. மற்றவர் பின்வாங்கியபடி ஜேப்பை மட்டும் நீட்டுகிறார், முன்கையால் நேராக நீட்டும் எளிய குத்து அது. ஆனால் ஒவ்வொன்றும் மூக்கில் பதிகிறது. சுற்று பின்வாங்கியவருக்குத்தான். முன்னேறுவதற்கு மட்டும் புள்ளி கிடையாது, முன்னேறி எதையாவது சாதித்தால்தான் உண்டு.

இன்னொரு பொறி, கடைசி 30 விநாடி. இரண்டரை நிமிடம் பின்தங்கிய வீரர் மணி அடிக்குமுன் ஒரு வேகத் தாக்குதல் நடத்துவார். அந்தக் காட்சிதான் மனத்தில் நிற்கும், சுற்றையே அவர் வென்றதுபோலத் தோன்றும். அனுபவமுள்ளவர்கள் இதைத் தெரிந்தே செய்வார்கள்.

வீட்டில் பழக ஒரு வழி உண்டு. தாளில் 1 முதல் 12 வரை எழுதி, பக்கத்தில் இரு பெயர்களையும் போடுங்கள். ஒலியை அணைத்துவிடுங்கள். வர்ணனையாளர் யாருக்குச் சாய்கிறாரோ அவருக்கே உங்கள் பேனாவும் சாயும் என்பதால் இது முக்கியம். மணி அடித்த பத்து விநாடிக்குள் 10-9ஐ எழுதிவிட வேண்டும். மறுஒளிபரப்பைப் பார்த்துவிட்டுத் திருத்தக் கூடாது, தீர்ப்பாளருக்கு அந்த வசதி இல்லை. முதலில் 12 சுற்றுச் சண்டைகளை விட்டுவிட்டு, அதே நிகழ்ச்சியின் தொடக்கத்தில் வரும் 4 அல்லது 6 சுற்றுச் சண்டைகளில் பழகுங்கள். ஐந்தாறு வாரத்தில் உங்கள் அட்டையும் அதிகாரபூர்வ அட்டையும் பெரும்பாலும் ஒன்றிரண்டு சுற்று வித்தியாசத்தில் வந்து நிற்கும். அந்த ஒன்றிரண்டு சுற்றுக்காகத்தான் ரசிகர்கள் கோப்பிக்கடையில் மணிக்கணக்காக வாதாடுகிறார்கள்.

ஈரலில் ஒரு குத்து

தாடையில் பதியும் குத்து எல்லாருக்கும் புரியும். தாடை ஒரு நெம்புகோல்போல வேலை செய்து தலையைச் சட்டென்று திருப்புகிறது, மண்டையோட்டுக்குள் மூளை அதிர்கிறது, விளக்கை அணைத்ததுபோல ஆள் விழுகிறார். ஆனால் விவரம் தெரிந்த ரசிகர் எழுந்து நிற்பது வேறொரு குத்துக்கு.

ஈரல் வலப்பக்கம், கீழ் விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கிறது. எதிரில் நிற்பவரின் இடக்கை ஹூக், அதாவது முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் சுழற்றும் குத்து, நேராகப் போய்ச் சேரும் இடம் அது. அடி வாங்கியவர் வலக்கையை உயர்த்தித் தாடையைக் காத்துக்கொண்டிருக்கும்போது முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு கையுறை அளவு இடைவெளி திறக்கும். குத்து அங்கே நுழைகிறது. உடனே ஒன்றும் நடக்காது. ஒரு விநாடி அவர் சாதாரணமாக நிற்பார், ஓர் அடி எடுத்தும் வைப்பார். பிறகு முகம் கோணும், முழங்கால் மடங்கும். மூளை முழு விழிப்போடு இருக்கிறது, எழ வேண்டும் என்று தெரிகிறது, உடல் கேட்பதில்லை. நடுவர் பத்து எண்ணி முடிக்கும்வரை மூச்சுக்காகத் திணறிக்கொண்டிருப்பார். நல்ல வீரர் இதற்காக நான்கைந்து சுற்று உழைப்பார்: தலைக்குக் குத்து, தலைக்குக் குத்து என்று எதிராளியின் கைகளை மேலேயே பழக்கிவைத்துவிட்டுக் கீழே போடுவார். அந்த நான்கு சுற்று உழைப்பு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் நாளில் நீங்கள் ரசிகராகிவிட்டீர்கள்.

சுற்றுகளுக்கு நடுவே வரும் அந்த ஒரு நிமிடத்தில் விளம்பரத்துக்கு எழுந்து போய்விடாதீர்கள். நடந்து வந்து முக்காலியில் உட்காரவே பத்து விநாடி போய்விடும், முடிய பத்து விநாடி இருக்கையில் மூலையைக் காலி செய்யச் சொல்லி எச்சரிக்கை வரும். நடுவில் கிடைக்கும் சுமார் 40 விநாடியில்தான் எல்லாமே. புருவம் கிழிந்திருந்தால் கட்மேன் எனப்படும் காயம் பார்ப்பவர் துடைத்து, 1:1000 அட்ரினலின் தோய்த்த பஞ்சுக்குச்சியை வெட்டுக்குள் வைத்து அழுத்திப் பிடிப்பார், மேலே வாசலின் பூசுவார். வீக்கத்துக்குப் பனியில் வைத்த தட்டை உலோகத்துண்டு. அதை வீக்கத்தின்மேல் அசையாமல் அழுத்த வேண்டும், தேய்த்துத் தள்ளினால் இரத்தம் பரவி வீக்கம் கூடிவிடும். அந்த நேரத்தில் பயிற்றுநர் ஒரு விஷயம், மிஞ்சினால் இரண்டு, சொல்லலாம். ஐந்து சொல்பவரின் வீரர் ஒன்றையும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

ஒலிம்பிக்கில் பார்த்தது வேறு

ஒலிம்பிக் குத்துச்சண்டை 3 சுற்றுதான். அங்கே வேகம் எல்லாம், உடலைத் தேய்த்துக் களைக்கவைக்க நேரமில்லை. சிங்கப்பூருக்கு அந்த வழியில் ஒரு மரபு உண்டு: சையது அப்துல் காதர் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடி, 1974 கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் விளையாட்டில் வெண்கலம் வென்றார். அதற்கும் முந்தைய தலைமுறை, போருக்கு முன்னால், நியூ வோர்ல்டு, கிரேட் வோர்ல்டு, ஹேப்பி வோர்ல்டு கேளிக்கைப் பூங்காக்களில் கட்டணம் கொடுத்துக் குத்துச்சண்டை பார்த்தது. தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இன்று சிட்டி ஸ்குவேர் மால் நிற்கும் இடம்தான் அந்த நியூ வோர்ல்டு. வடசென்னையில் குத்துச்சண்டைக்காரர்கள் பரம்பரைகளாகப் பிரிந்து மோதிய அதே காலத்தில், இங்கேயும் நம் ஆட்களுக்கு இந்த ஆட்டம் பழக்கமாகத்தான் இருந்தது.

தராசும் அதன் ஆபத்தும்

ஆண்களுக்கு 105 பவுண்டிலிருந்து, அதாவது 47.6 கிலோவிலிருந்து, 200 பவுண்டுக்கு மேற்பட்ட ஹெவிவெயிட் வரை 17 எடைப்பிரிவுகள். எடை பார்ப்பது சண்டைக்கு முதல் நாள். வீரர்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தி, வியர்த்து, எடையை இறக்கித் தராசில் ஏறுவார்கள். பிறகு ஒரே இரவில் சில கிலோக்களை மீட்டுக்கொள்வார்கள். மேடையில் நீங்கள் பார்ப்பவர் அறிவிக்கப்பட்ட எடையில் இல்லை.

எடை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஏப்ரலில் ரையன் கார்சியா, டெவின் ஹேனி சண்டை நல்ல பாடம். எல்லை 140 பவுண்டு, கார்சியா வந்தது 143.2. அதனால் வென்றாலும் பட்டம் அவருக்குக் கிடையாது என்று ஆனது. மேடையில் அவர் ஹேனியை மூன்றுமுறை வீழ்த்திப் பெரும்பான்மைத் தீர்ப்பில் வென்றார். பிறகு ஊக்கமருந்துச் சோதனையில் அவர் உடலில் தடைசெய்யப்பட்ட ஆஸ்டரைன் இருந்தது தெரிந்தது. நியூயார்க் விளையாட்டு ஆணையம் முடிவை ரத்து செய்து ஓராண்டு தடை விதித்தது. ஏட்டில் அந்தச் சண்டைக்கு வெற்றியாளர் கிடையாது. ஆனால் ஹேனி வாங்கிய அடிகளை எந்த ஆணையமும் ரத்து செய்ய முடியாது, எடைக்கட்டுப்பாட்டை ரசிகர்கள் கடுமையாக எடுத்துக்கொள்ள வேண்டியது அதனால்தான்.

நீர்வற்றிய உடலோடு ஆடுவது மூளைக்கு நல்லதல்ல. 1982இல் லாஸ் வேகாஸில் ரே மான்சினியிடம் தோற்ற கொரிய வீரர் டக் கூ கிம் இறந்த பிறகுதான் உலகப் பட்டச் சண்டை 15 சுற்றிலிருந்து 12ஆகக் குறையத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் தோக்கியோவின் கோராக்குவென் அரங்கில் ஒரே நிகழ்ச்சியில் ஆடிய இருவர் மூளைக் கசிவால் இறந்தார்கள். அதன்பின் கிழக்காசிய, பசிபிக் வட்டாரப் பட்டச் சண்டைகள் 12 சுற்றிலிருந்து 10ஆகக் குறைக்கப்பட்டன. இந்த ஆட்டத்தை நேசிப்பவர் இதையும் தெரிந்துகொண்டுதான் நேசிக்க வேண்டும். நடுவர் சண்டையைச் சீக்கிரம் நிறுத்திவிட்டார் என்று அரங்கம் கூச்சலிடும்போது நாங்கள் நடுவர் பக்கம்.

நான்கு பெல்ட், பல முதலாளிகள்

சிங்கப்பூரிலிருந்து இயங்கும் தற்காப்புக் கலைப் போட்டி நிறுவனமான ஒன் சாம்பியன்ஷிப்பைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த இடம் உதைக்கும். அங்கே ஒரே நிறுவனம் வீரரை ஒப்பந்தம் செய்கிறது, சண்டையை நடத்துகிறது, பட்டமும் கொடுக்கிறது. குத்துச்சண்டையில் இந்த வேலைகள் தனித்தனிக் கைகளில். சண்டையை நடத்துபவர் ப்ரொமோட்டர். பட்டம் கொடுப்பவை நான்கு அமைப்புகள்: டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ. எனவே ஒரே எடையில் ஒரே நேரத்தில் நான்கு உலக சாம்பியன்கள் இருக்கலாம். நான்கையும் ஒருவரே சேர்த்துவிட்டால்தான் ‘போட்டியில்லாத’ சாம்பியன். அதுவும் நிலைப்பதில்லை. ஒவ்வோர் அமைப்பும் தான் சொல்லும் சவாலாளரோடு ஆடச் சொல்லும், ஒரே ஆள் நான்கு பேரோடு ஒரே சமயத்தில் ஆட முடியாது. உசிக்கும் ரியாத் வெற்றிக்குப் பிறகு ஒரு மாதம்போலத்தான் நான்கையும் வைத்திருந்தார், ஜூனில் ஐபிஎஃப் பட்டத்தைத் துறந்தார்.

இந்த நான்குக்கும் வெளியே சிறிய அமைப்புகளும் பட்டம் தருகின்றன. சிங்கப்பூரின் முகமது ரித்வான் 2018இல் இங்கேயே பிளவுத் தீர்ப்பில் நமீபியாவின் பவுலஸ் அம்புண்டாவிடம் தவறவிட்டது ஐபிஓ பட்டத்தை. அது நான்கில் ஒன்றல்ல. ஆனால் உள்ளூரில் தொழில்முறைச் சண்டையே அரிதான ஒரு நாட்டிலிருந்து அதுவரை போய்ச் சேர்ந்ததை லேசாக எண்ணக் கூடாது.

பணக் கணக்கு இதைவிடக் கரடுமுரடு. பட்டச் சண்டைக்கு ஒரு வீரருக்கு 100,000 வெள்ளி கிடைக்கிறது என்று வையுங்கள். அமைப்புக்குக் கட்டணம் வழக்கமாக 3 விழுக்காடு. மேலாளருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம், பயிற்றுநருக்கு 10 விழுக்காடு. கையில் சுமார் 54,000. அதில்தான் வரியும், எட்டுப் பத்து வாரப் பயிற்சி முகாமின் செலவும், எதிராளியைப்போல ஆடிக்காட்ட வாடகைக்கு வரும் பயிற்சித் துணைகளின் சம்பளமும். ஆண்டுக்கு இரண்டு சண்டை கிடைத்தாலே அதிர்ஷ்டம். கோடிகளில் புரள்பவர்கள் மேலே விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மட்டுமே.

சில ஆண்டுகளாக ஆட்டத்தின் தரையே நகர்ந்துகொண்டிருக்கிறது. பல பத்தாண்டுகள் குத்துச்சண்டையின் வீடாக இருந்த எச்பிஓ தொலைக்காட்சி 2018இலும், ஷோடைம் தொலைக்காட்சி 2023இலும் வெளியேறின. அந்த இடத்தில் டசோன், நெட்ஃபிளிக்ஸ் போன்ற இணையச் சேவைகளும் சவூதிப் பணமும் வந்தன. சவூதியால் ஒரு நன்மை உண்மையாகவே நடந்தது: ஆளுக்கொரு ப்ரொமோட்டரோடு இருந்ததால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போன சண்டைகள் நடந்தேறின. ஆனால் ஒரே பணப்பையை நம்பி ஆட்டம் முழுவதும் நிற்பது நல்லதல்ல. கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளை நடத்தும் யூஎஃப்சியின் தாய் நிறுவனமான டிகேஓ 2025இல் சவூதியோடு சேர்ந்து அறிவித்த புதிய முயற்சி, பட்டமும் ஒப்பந்தமும் ஒரே கையில் இருக்கும் முறையைக் குத்துச்சண்டைக்கும் கொண்டுவர முனைகிறது. ரசிகருக்குக் குழப்பம் குறையும். வீரருக்குப் பேரம் பேசும் வலு குறையும் என்பதே எங்கள் அச்சம், ஏனென்றால் மேல்மட்டக் குத்துச்சண்டை வீரர்கள் இன்றுவரை பெரும்பங்கு கேட்டு வாங்க முடிந்தது ப்ரொமோட்டர்கள் ஒருவரோடொருவர் போட்டி போட்டதால்தான்.

வீரரின் ஏட்டைப் பார்த்து மயங்காதீர்கள். 20-0 என்றால் 20 வெற்றி, தோல்வியே இல்லை. ஆனால் அந்த இருபது பேர் யார் என்பதுதான் கேள்வி. 400 சண்டைக்கு நெருங்கிய அமெச்சூர் வாழ்வில் ஒரே ஒரு தோல்வி கண்ட வாசில் லோமசென்கோ, தொழில்முறையில் இரண்டாவது சண்டையிலேயே ஒர்லாண்டோ சலிடோவிடம் தோற்றார். சலிடோவின் ஏட்டில் அப்போதே பத்துக்கு மேற்பட்ட தோல்விகள். மூன்றாவது சண்டையில் லோமசென்கோ உலக சாம்பியன்.

எப்போது பார்ப்பது, எதில் தொடங்குவது

லாஸ் வேகாஸில் சனி இரவு நடக்கும் முக்கியச் சண்டை நமக்கு ஞாயிறு காலை 11 மணியிலிருந்து நண்பகலுக்குள் வரும். பக்கியாவ் உச்சத்தில் இருந்த காலத்தில் பிலிப்பீன்ஸ் நண்பர்கள் ஞாயிறு மதியத்தை அதற்கென்றே ஒதுக்கிவைத்தது இதனால்தான். லண்டன், ரியாத் என்றால் விடிகாலை 4 முதல் 6 மணிக்கு அலாரம் வைக்க வேண்டும். தோக்கியோ நமக்கு ஒரு மணி நேரமே முன்னால் இருப்பதால், இரவு உணவு நேரத்திலேயே பார்த்துவிடலாம்.

தொடங்குவதற்கும் தோக்கியோதான் எங்கள் பரிந்துரை. 2024 மே 6, தோக்கியோ டோம், நவோயா இனோவே எதிர் லூயிஸ் நேரி, 122 பவுண்டு. இனோவே ஏற்கெனவே இரண்டு எடைகளில் நான்கு பெல்ட்டையும் சேர்த்தவர், அதுவரை தொழில்முறையில் கீழே விழுந்ததே இல்லை. தாளையும் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒலியை அணையுங்கள். முதல் சுற்றில் நேரியின் இடக்கை ஹூக் இனோவேயைத் தரையில் உருட்டும், நேரிக்கு 10, இனோவேக்கு 8 என்று எழுதுங்கள். இனோவே உடனே துள்ளி எழாமல் ஒரு முழங்காலில் இருந்தபடி எட்டு எண்ணும்வரை மூச்சு வாங்குவதைக் கவனியுங்கள். அடுத்த சுற்றில் விழுவது நேரி. இரண்டு சுற்று முடிவில் உங்கள் தாளில் 18-18 என்று இருந்தால் கணக்கு சரி. பேனாவைக் கீழே வைக்க வேண்டாம், ஐந்தாவதில் மறுபடி வேலை இருக்கிறது.